பார்வையாளர் கடலிலிருந்து எதையும் எடுப்பதில்லையா?

கடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோரிடையே நெடுங்காலமாக வேரூன்றி, இன்று சுற்றுலாத் திட்டங்களிலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோல எடுத்தாளப்படும் கருத்து ஒன்று உண்டு. மீனவர் கடலிலிருந்து எடுக்கிறார், பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவரோ பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஆகவே பவளப்பாறை உள்ள கடற்பகுதிகளில் முன்னவரைப் படிப்படியாக விலக்கிப் பின்னவரை வரவேற்றால் கடல்வாழ் உயிர்களும் பிழைக்கும், கரையோர மக்களுக்கும் மீனைவிடக் கூடுதலான வருமானம் கிடைக்கும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் தன் முதற்படியிலேயே இடறுகிறது. அந்தப் பிழை ஏட்டோடு நின்றுவிடாமல், கடலை அறிந்தவர்களைக் கடலிலிருந்து பெயர்க்கும் கொள்கையாக மாறிவருவதால் அதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கருத்தை மறுக்கும்போது அதன் வலுவான வடிவத்தை எடுத்துக்கொள்வதே முறை. பசிபிக் பெருங்கடலின் தீவு நாடான பலாவ், 2009-இல் தன் கடற்பரப்பு முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்து, அவ்வாறு செய்த முதல் நாடாயிற்று. அதையடுத்து ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். அங்கே முக்குளிப்பவர்கள் வழக்கமாகக் காணும் ஏறத்தாழ 100 சுறாக்களுள் ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் 19 லட்சம் அமெரிக்க டாலர் சுற்றுலா வருவாய்க்குக் காரணமாகிறது என்றும், அதே சுறாவைப் பிடித்து விற்றால் 108 டாலரே தேறும் என்றும் அது கூறியது. உயிரோடிருக்கும் மீன் செத்த மீனைவிட விலை கூடியது என்னும் வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான சான்று வேறில்லை என்பதால், பவளம் உள்ள கரைகளில் எல்லாம் இக்கணக்கு மேற்கோளாகிவிட்டது.

கணக்கைப் போட்டவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எடுத்து எல்லாக் கரைக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் மேல்தான் குறை. 19 லட்சம் என்பது சுறாவைப் பார்க்க வந்தவர்களால் நாட்டுக்குள் வந்த தொகையைச் சுறாக்களின் எண்ணிக்கையாலும் ஆயுளாலும் பங்கிட்டுப் பெற்றது. 108 என்பது பிடித்தவர் கைக்கு அன்று மாலையே வந்து சேரும் காசு. முதல் தொகையைப் பெறுபவரும் இரண்டாம் தொகையை இழப்பவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இரண்டையும் ஒரு தராசின் இரு தட்டுகளில் வைக்க முடியும். மேலும், பலாவின் மக்கள்தொகையே 20,000-க்கும் குறைவு. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இருபுறம் கொண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் மீன்பிடியை நம்பியிருப்போர் அதைப்போலப் பலமடங்கு. தெளிந்த நீரும் குறைந்த மக்களும் வாய்த்த தீவுக்குச் சரியான கணக்கைக் கலங்கிய நீரும் நெருங்கிய குப்பங்களும் உள்ள கரைக்குக் கொண்டுவருவது, ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிடுவதைப் போன்றது.

இனி, முக்குளிப்பவர் எதையும் எடுப்பதில்லை என்னும் அடிப்படைக்கு வருவோம். பவளப்பாறை என்று நாம் அழைப்பது, நெல்மணியை ஒத்த சிற்றுயிர்கள் லட்சக்கணக்கில் கூடித் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டும் வீடு. அதன்மேல் உயிருள்ள பகுதி ஒரு மெல்லிய தோல் மட்டுமே. காலில் துடுப்பு மாட்டிய ஒருவர், உடலின் மிதப்பைச் சமன்செய்யப் பழகாத நிலையில், பாறைக்கு ஒரு முழம் மேலே நின்று காலை உதைக்கும்போது இரண்டு தீங்குகள் நேர்கின்றன. துடுப்பின் முனை கிளைப்பவளத்தில் பட்டால் கிளை ஒடிகிறது. படாவிட்டாலும் அந்த உதையில் கிளம்பும் மணல் அந்தத் தோல்மேல் படிகிறது. படிந்த மணலைப் பவள உயிரி சளி போன்ற ஒரு பசையைச் சுரந்து வழித்துத் தள்ளுகிறது. அதற்காகச் செலவாகும் ஆற்றல், வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போயிருக்க வேண்டிய ஆற்றல். திரண்ட பாறையாக வளரும் பவள வகைகள் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை என்பதை நினைத்தால், ஒரு நொடிச் சறுக்கலின் விலை எத்தனை ஆண்டு என்பது விளங்கும்.

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் 353 பேரை நீரடியில் பின்தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வொன்றில், அவர்களுள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் பவளத்தைத் தொட்டதாகக் கண்டறியப்பட்டது. ஒளிப்படக் கருவி வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தொட்டனர். இறங்குமுன் படகில் சுருக்கமாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை எந்த மாற்றத்தையும் தரவில்லை. வழிகாட்டி நீருக்குள்ளேயே குறுக்கிட்டுத் திருத்தியபோதுதான் தொடுகை பெருமளவு குறைந்தது. அத்தொடுகைகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறியவை ஒரே இடத்தில் நாள்தோறும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்குப் பல கடல்கள் விடை சொல்லியிருக்கின்றன. செங்கடலின் எகிப்தியக் கரையை ஆராய்ந்தவர்கள், ஓரிடத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 முறை வரை இறங்கினால் பாறை தாங்கும், அதற்குமேல் சேதம் விரைந்து பெருகும் என்று மதிப்பிட்டனர். மலேசிய அரசு சிப்பதான் தீவிலிருந்த விடுதிகளை 2004-இன் இறுதியில் வெளியேற்றிவிட்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச்சீட்டுக்கு வரம்பு கட்டியது. தாய்லாந்து தன் சிமிலன் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தாச்சாய் தீவை 2016-இல் சுற்றுலாவுக்கு மூடியது. இந்த இடங்களில் அரசுகள் கட்டுப்படுத்தியது வலையையும் தூண்டிலையும் அன்று, பார்க்க வந்தவர்களின் கூட்டத்தை.

மன்னார் வளைகுடாவில் இந்த ஆபத்து மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதைச் சுற்றுலாவை வாழ்த்துவோர் கவனிப்பதில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இத்தீவுகளைச் சுற்றிய பவளம் பெரும்பாலும் 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆழமான கடலில் கற்றுக்குட்டி ஒருவர் பாறைக்கு மேலே விலகி மிதக்க இடமிருக்கும். இரண்டு ஆள் உயரத் தண்ணீரில் அந்த இடமே இல்லை. படகின் நங்கூரமும் சுழலும் விசிறியும்கூடப் பாறைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. இங்கே பொழுதுபோக்கு முக்குளிப்பு இன்னும் சிறிய அளவிலேயே நடைபெறுகிறது என்பது உண்மை. வரம்புகளை வகுக்க ஏற்ற காலமும் அதுவே, ஏனெனில் விடுதிகள் எழுந்தபின் வரம்பு கட்டுவது சிப்பதானில் ஆனதுபோல விடுதிகளை அகற்றும் வேலையாகிவிடும்.

‘மீனவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான தொழில்கள் பலவற்றைத் திணிப்பது இக்கருத்தின் இன்னொரு பிழை. கனத்த பலகைகளும் இரும்புச் சங்கிலியும் பொருத்தப்பட்டுக் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடியையும், வத்தை என்னும் சிறுபடகில் தனியாகச் சென்று ஒருவர் இறக்கும் தூண்டிலையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, ‘மீன்பிடிப்பு பவளத்தை அழிக்கிறது’ என்று சொல்வது, புல்டோசரையும் மண்வெட்டியையும் ஒரே கருவி என்பதற்கு ஒப்பாகும். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே விதித்துவிட்டது; அந்த எல்லையை மீறும் இழுவைப்படகுகளுக்கு எதிராக 40 ஆண்டுகளாகக் குரல் கொடுத்து, வலையறுந்து, மோதலில் அடிபட்டு நிற்பவர்கள் நாட்டுப்படகு மீனவர்களே. அந்த மோதல்களிலிருந்துதான் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்னும் பங்கீடு இக்கரையில் பிறந்தது. சட்டத்தின் துணையாக நின்றவர்களைச் சட்டத்தின் பகைவர்களாக எழுதிக்காட்டுவது பெருங்கொடுமை.

மீனவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது இம்மறுப்பின் நோக்கமன்று. மன்னார்த் தீவுகளைச் சூழ்ந்திருந்த பவளம் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் தேவைக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டபோது, வெட்டிய கைகளில் கடற்கரை மக்களின் கைகளும் இருந்தன. அரணாக நின்ற பாறை போனதால் அலையரிப்புக்கு இரையாகிப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே அந்தத் தொழில் ஒடுங்கியது. மீன்கூடுகள் நீரோட்டத்தில் நகராதிருக்கப் பவளத் துண்டுகளைப் பெயர்த்துப் பாரமாக வைக்கும் வழக்கமும் தீங்கானதே, அது நிற்க வேண்டும். ஆனால் இவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு முறையின் தீங்கு. முறையைத் தடுக்க வேண்டிய இடத்தில் மனிதரைத் தடுப்பது, கூட்டை எடுக்கச் சொல்வதற்குப் பதிலாகக் குப்பத்தையே எடுக்கச் சொல்வதாகும்.

முக்குளிப்பவர், மீனவர் என்ற எதிர்நிலையே இக்கரைக்கு அந்நியமானது என்பதைத் தமிழ்மொழியே காட்டுகிறது. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற சொற்களில் உள்ள ‘குளி’ என்பது, மூச்சையடக்கி மூழ்கி எடுக்கும் தொழில். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் கடலடியை முதலில் கண்ணால் கண்டவர்கள் குளியாளிகளே. பாறையாகவோ பவளமாகவோ கடலடி மேடிட்ட இடத்தை இக்கரையோர் ‘பார்’ என்பர். ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்து, கரையின் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் அடையாளம் கொண்டு அதன் இருப்பிடத்தை நினைவில் வைத்திருந்தனர். முத்துச்சிப்பி எடுப்பதற்குக் கூடும் சலாபம் ஆண்டுதோறும் நடந்த ஒன்றன்று. பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதையும் முத்தின் அளவையும் சோதித்து, முதிர்ந்த சிப்பி போதிய அளவு இருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது. இல்லையேல் ஆண்டுக்கணக்கில் பார் தொடப்படாமல் கிடந்தது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. சங்கிலும் இப்படியொரு வரம்பு இருந்தது. எடுத்த சங்கை வளையம் போன்ற அளவுகோலில் விட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் நுழைந்துவிடும் இளஞ்சங்கு உயிரோடு கடலுக்கே திரும்பும். எப்போது இறங்குவது, எதை விடுவது என்னும் கட்டுப்பாட்டோடு குளித்த மரபு இது. நாள்தோறும், ஆண்டு முழுவதும், ஒரே பாரின்மேல் ஆளிறக்கும் தொழிலை இதைவிட மென்மையானது என்று சொல்வதற்குத் தக்க காரணம் வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் இருக்கிறது. அங்குள்ள பெண்கள் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுப்பவர்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றி, சேலைக்குமேல் சட்டை அணிந்து, கண்ணில் நீர்க்கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையுமாக இறங்கி, காற்றுக்கலன் எதுவுமின்றி மூச்சடக்கி மூழ்கி, அகார் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப் பயன்படும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். தீவுகள் தேசியப் பூங்காவானபின் இவர்கள் அத்துமீறுவோர் ஆனார்கள். அப்போது அவர்கள் செய்தது என்ன? பாசி மீண்டும் தழைப்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தமக்குள் கூடிப் பேசி வரம்பு வைத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி விருது கிடைத்தது. காப்பவர், எடுப்பவர் என்ற பிரிவினைக்குள் இந்தப் பெண்களை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று அந்தப் பிரிவினையை வகுத்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மீன்பிடிப்பும் பார்வையும் ஒரே கடலில் ஒத்துவாழ முடியாது என்பாருக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆப்போ தீவு விடையளிக்கிறது. சிலிமான் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவின் தூண்டுதலால், அத்தீவின் மீனவர்கள் 1982-இல் தம் கரையின் ஒரு சிறு பகுதியை மட்டும் மீன்பிடியற்ற இடமாகத் தாமே ஒதுக்கினார்கள். மீதி நீர் முழுவதிலும் தூண்டிலும் கூடும் தொடர்ந்தன. வெடியும் நஞ்சும் இழுவையும் தடுக்கப்பட்டன. ஒதுக்கிய இடத்தில் மீன் பெருகி வெளியே பரவியது; முக்குளிப்பவர்கள் வந்தது அதன் பின்னரே, கட்டணம் செலுத்தி. வரிசையை நோக்க வேண்டும்: மீனவர் காத்த கடலுக்குச் சுற்றுலா வந்தது; சுற்றுலா வந்து கடலைக் காக்கவில்லை. 1994-இல் தேசியச் சட்டத்தின்கீழ் தீவு கொண்டுவரப்பட்டு நிர்வாகம் பெரிய அவையொன்றிடம் போனபின், கட்டணப் பணம் தலைநகர் சென்று திரும்பும் தாமதத்தையும் முடிவெடுக்கும் உரிமை கைநழுவியதையும் குறித்துத் தீவினர் குறைப்பட்டனர். அதே நாட்டின் மாபினி கரையில் வரிசை தலைகீழானது: முக்குளிப்பு விடுதிகள் பெருகி, காப்பிடங்கள் எவையென முடிவுசெய்வதில் அவற்றின் கை ஓங்க, பாறையருகே தூண்டில் போட்டவர்கள் ஒதுங்க நேர்ந்தது, உயிரியல் நோக்கில் வெற்றி, சமூக நோக்கில் தோல்வி என ஆய்வாளர்கள் இத்தகைய நிலையைக் குறித்தார்கள்.

மூடிய இடம் மீனவருக்கு எதிரானது என்பதும் பொய்யே. சுமிலோன் தீவில் 1974 முதல் காக்கப்பட்ட பகுதி 1984-இல் திறந்துவிடப்பட்டபோது, இரண்டாண்டுக்குள் தீவின் மொத்தப் பிடிப்பே பாதிக்குமேல் சரிந்தது. ஆகவே மூடவேண்டிய பார் மூடப்படட்டும். அது எந்தப் பார், எத்தனை ஆண்டு என்பதை அந்தப் பாரின் பெயர் அறிந்தவர்கள் முடிவுசெய்யட்டும். மூடியபின் அது வலைக்கு மட்டுமின்றிக் கால்துடுப்புக்கும் மூடியிருக்கட்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டபோது மீன்பிடிப்பு விலக்கப்படவில்லை. வலையில் அகப்படும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வலையை அறுத்தேனும் விடுவித்து வருபவர்கள் அக்கரையின் மீனவர்களே.

மீனவரின் பிள்ளை முக்குளிப்பு வழிகாட்டியாகலாமே, அது வலையைவிட மதிப்பான தொழிலல்லவா என்று கேட்பர். விரும்புகிறவர் ஆகட்டும், குளியாளியின் பேரனைவிடத் தகுந்த வழிகாட்டி கிடைப்பதரிது. ஆனால் படகை விற்றுவிட்டு ஆகவேண்டும் என்பதை ஏற்க முடியாது. காற்று மாறிக் கடல் கலங்கும் மாதங்களில் நீரடியில் கையளவுகூடத் தெரியாது. அந்த மாதங்களிலும் நண்டுவலைக்கு வேலையுண்டு. 2020-இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது, சுற்றுலாவை மட்டும் நம்பிய கரைகளில் வருமானம் ஒரே வாரத்தில் அற்றுப்போக, தூண்டிலும் படகும் மிஞ்சியிருந்த வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது.

கடைசியாக, கட்டுப்பாட்டின் சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது என்ற கேள்வி இருக்கிறது. நீர் அளவுமீறிச் சூடாகும்போது பவளம் தன் உடலுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெண்மையாகிவிடும். இதுவே பவள வெளுப்பு. மன்னாரில் 2016-இல் நேர்ந்த வெளுப்புக்குப்பின் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. இங்கே நீர் மிகச் சூடாக இருப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக அவை கரையில் நிற்கின்றன. பள்ளி விடுமுறையால் சுற்றுலாக் கூட்டம் பெருகுவதும் அதே வாரங்களில்தான். வெளுத்து வலுவிழந்த பவளத்துக்கு ஓர் உதையும் ஒரு பிடி மணலும் மற்றக் காலத்தைவிடக் கொடியவை என்பதால்தான் தாய்லாந்து, 2010-இன் வெளுப்பை அடுத்து, 18 முக்குளிப்பிடங்களை மூடியது. மன்னாரில் அந்த 61 நாளில் மீன்பிடிக்கிறவருக்கு விதி உண்டு, பார்க்க வருகிறவருக்கு அதற்கு ஈடான விதி இல்லை. ஏப்ரல் 15 அன்று இராமேசுவரத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்படும்போது, முக்குளிப்புக்கு ஆள் ஏற்றும் படகுகளும் அவற்றின் அருகிலேயே கட்டப்பட வேண்டும்.